பயன்பாட்டில் இல்லாத கால்வாய்

சிட்லபாக்கம்,
20 ஜூன் 1996

அன்புள்ள வேதா,

பத்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். உறையைப் பிரிக்காமல் ஒதுக்கிவிடாதே. முகவரியை உன் தங்கை செல்வமேரியிடம்தான் வாங்கினேன். தேர்வுப் பிரிவில் இப்போது அவள் சூப்பரின்டெண்டென்ட். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணன் திட்டுனா நான் குடுக்கலைன்னு சொல்லிடுங்க சார்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தாள். ஆகவே அவள் கொடுக்கவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? சிங்கப்பெருமாள் கோவிலில் மனை அளந்து கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. வைதேகி காப்பியில் சர்க்கரை போடுவதில்லை, பேச்சிலும் போடுவதில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

எழுதக் காரணம் இதுதான். நம் கல்லூரிக்கு இந்த ஆண்டு ஐம்பது நிறைகிறது. பல்கலைக்கழகம் ஆகிப் பதினேழு வருஷம். வரலாற்று மலர் ஒன்று போடுகிறார்கள். எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன தகரக் கொட்டகைகளில் நூற்றிருபது மாணவர்களோடு ஆரம்பித்தது, இன்று ஆறாயிரம் பேரும் பதினொரு துறைகளுமாக நிற்கிறது. நாம் இருவரும் அறுபத்து நாலில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் விரிவுரையாளர், நீ நிலஅளவைப் பயிற்றுநர். தாம்பரத்திலிருந்து ஒரே சைக்கிளில் வருவோம். அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாதது உனக்கு நிறையத் தெரியும். நினைவில் இருப்பதை எழுதி அனுப்புவாயா?

போன வாரம் பெய்த மழை உங்கள் பக்கமும் பெய்திருக்கும். ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. நம் வளாகத்துக்குக் கீழே பள்ளத்தெருவில் மறுபடியும் தண்ணீர் புகுந்துவிட்டது.

எண்பத்தைந்து பற்றி மலரில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனா அங்கே வந்து நின்றுவிடுகிறது.

உன்,
பட்டாபிராமன்


சிங்கப்பெருமாள் கோவில்,
3 ஜூலை 1996

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் கர்த்தர் கிருபையால் சுகம். சர்க்கரைக்குப் பாகற்காயைவிட நடைதான் நல்லது.

கேட்டதால் எழுதுகிறேன். அறுபத்தாறில் தகரக் கொட்டகைக்குள் வரைபடம் போடும்போது வியர்வை சொட்டித் தாள் வீணாகும். மாணவர்கள் கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் கோடு இழுப்பார்கள். எண்பத்தொன்றில் சிவில் பிரிவில் முதன்முதலாக நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது கல்லூரி திறந்து மூன்றாம் நாள்தான் பெரியவர்களுக்கு உறைத்தது. செல்வமேரி தட்டெழுத்துப் பிரிவின் கழிப்பறைச் சாவியை அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தாள். எண்பத்து மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது. குளிர்பதன அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கடைநிலை ஊழியர் ஒருவர் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டே உள்ளே போவார். இதெல்லாம் மலருக்கு ஆகுமோ ஆகாதோ.

எண்பத்தைந்தைப் பற்றி நான் சொல்வதற்கு எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐம்பது வருஷ வரலாற்றில் துணைவேந்தர்கள் படம் எல்லாம் வரும். ஐசக் பெயர் எங்காவது வருமா?

இப்படிக்கு,
வே. வேதசிரோமணி


சிட்லபாக்கம்,
21 ஜூலை 1996

அன்புள்ள வேதா,

நீ 'பேராசிரியர்' என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். திட்டியிருந்தால் தேவலை.

ஐசக் பெயர் மலரில் இல்லை. பழைய ஊழியர் பட்டியலில் 'நிலஅளவைக் கூட உதவியாளர், 1968–85' என்று ஒரு வரி இருக்கிறது. எண்பத்தைந்தோடு ஏன் முடிந்தது என்று அதில் இல்லை.

பதினொரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். பாதி உனக்கே தெரியும்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் நான்காம் விடுதிக்கு இடம் பார்த்தோம். பல்கலைக்கழகம் ஆன பிறகு மாணவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு அறைக்கு ஐந்து பேர். கிழக்கு மூலையில்தான் காலி இடம் இருந்தது. அதன் குறுக்கே ஏரிக் கலங்கலிலிருந்து உபரி நீர் போகும் கால்வாய். நீயும் ஐசக்கும் மூன்று நாள் வெயிலில் நின்று மட்டம் எடுத்தீர்கள். பள்ளத்தெரு விடுதி இடத்தைவிட நாலு அடி தாழ்வு, கால்வாயை மூடினால் ஏரி நிரம்பும் வருஷம் தண்ணீர் தெருவுக்குள்தான் போகும், முப்பது அடி விட்டுவிட்டுக் கட்ட வேண்டும் என்று எழுதி என் மேஜையில் வைத்தாய்.

முப்பது அடி விட்டால் வரைபடத்தை மாற்ற வேண்டும், ஆறு மாதம் ஆகும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும் என்றார்கள். "கால்வாயில் தண்ணி போய் யாராவது பாத்திருக்காளா பட்டாபி? ஒரு குறிப்பு எழுதிக் குடுங்கோ" என்றார் டீன். ஏப்ரலில் எனக்கு ரீடர் பதவி உயர்வுக்கு நேர்காணல் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

'இக்கால்வாய் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை.' ஒரே வரி. கையெழுத்துப் போட்டேன். உன் தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை. நீ வந்து கேட்டபோது, "பெரிய பைப் ஒண்ணு பதிச்சுடலாம் வேதா, தண்ணி அதுல போயிடும்" என்றேன். பைப்பும் பதிக்கவில்லை.

இரண்டரை வருஷம் கழித்து நவம்பரில் ஏரி நிரம்பியது. விடுதியின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஆள் உயரம் தேங்கி நின்றது. காலை ஒன்பது மணி. பள்ளத்தெருவில் குடியிருந்த ஐசக் தன் மனைவி சரசுவையும் இரண்டு பெண்களையும் நம் பட்டறையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதே தெருவில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்த கங்கையம்மாளைத் தூக்கி வரத் திரும்பிப் போனான். அந்த அம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் சேர்த்தும்விட்டான். இன்னொரு வீட்டுக்கு இறங்கியபோதுதான் சுவர் அவன்மேல் விழுந்தது.

விசாரணையில் என்னைக் கேட்டபோது, 'எதிர்பாராத பெருமழை' என்றேன். உன்னையும் தனியாகக் கூப்பிட்டார்கள். நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், அவர்கள்தான் அறிக்கையில் எழுதவில்லை என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் நீ வேலையை உதறிவிட்டுப் போனாய். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போனாய் என்று புரிந்தது. தடுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

சரசுவுக்கு அதே நான்காம் விடுதியில் பெருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன், தினக்கூலிதான். பத்து வருஷமாக எனக்கு அவள் வணக்கம் சொல்கிறாள். நான் தலையாட்டிவிட்டு வேகமாக நடக்கிறேன்.

நீ ஒருவன்தான் சரியாக நடந்துகொண்டவன். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

பட்டாபி


சிங்கப்பெருமாள் கோவில்,
12 ஆகஸ்ட் 1996

பட்டாபி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக நிலை கொள்ளாமல் திரிகிறேன். இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ ஒருவன்தான் சரியாக நடந்துகொண்டவன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது ஜனவரியில், ஒரு புதன்கிழமை மத்தியானம். மட்டம் எடுத்த புத்தகம் என் பையில் இருந்தது. மூன்று நாள் அளவும் அதில் இருந்தது. காட்டத்தான் எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் அலுவலகத்து ஆள் ஒருவர், நல்ல மனிதர்தான், என்னோடு நடந்துகொண்டே, "செல்வமேரிக்கு நிரந்தர ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருக்கு சார். இந்த வாரம் வந்துடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். ஏழு வருஷம் தற்காலிகத் தட்டெழுத்தராக இருந்தவள். அந்த ஆர்டருக்காக அவள் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது.

விசாரணை அதிகாரி, "கட்டுவதற்கு முன்னால் மட்டம் எடுக்கப்பட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்றேன்.

பை என் மடியில் இருந்தது பட்டாபி. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஆர்டர் வந்தது. மே மாதம் செல்வமேரிக்குக் கல்யாணம். ஜூனில் வேலையை விட்டேன். நான் எதிர்ப்புத் தெரிவித்துப் போனதாக நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். ஊழியர் சங்கத்தில் மாலைகூடப் போட்டார்கள். நான் அதைக் கழற்றவில்லை. பள்ளத்தெரு வழியாகத் தினமும் வேலைக்கு வர முடியாமல்தான் போனேன். வேலையை விட்ட அன்றைக்கே அந்தப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன். பெரிய புத்தகம், எரிய நேரம் ஆனது.

நீ உயிர் போகும் என்று தெரியாமல் பொய் எழுதினாய். உயிர் போன பிறகு நான் தெரிந்தே பொய் சொன்னேன். யார் குற்றம் பெரிது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். உன்னை நான் வெறுப்பதாக நீ நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேதா


சிட்லபாக்கம்,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள வேதா,

உன் கடிதத்தை வைதேகிக்குப் படித்துக் காட்டினேன். என்னுடையதையும் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு, "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எழுதிண்டு இருங்கோ. அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்லப் போறா?" என்றாள்.

முதலில் மலரில் எழுதினேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம். என் பெயரைப் போட்டே எழுதினேன், உன் பெயரைத் தொடவில்லை. மலர்க் குழு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, 'எதிர்பாராத பெருமழையைப் பல்கலைக்கழகம் துணிவுடன் எதிர்கொண்டது' என்று ஒரு வரி சேர்த்தது. அப்படியென்றால் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலர் இப்போது வேறொருவர் கையில். ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். படங்கள் நிறையப் போட்டிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் பள்ளத்தெருவுக்குப் போனேன். வீடுகளின் சுவரில் ஜூன் மாதத் தண்ணீரின் கறை இன்னும் இருக்கிறது. சரசு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், இங்க வந்துகீறீங்க? விடுதில எதனா பிரச்சினையா?" என்றாள்.

உள்ளே உட்கார வைத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கால்வாய், உன் தாள், என் ஒற்றை வரி, எல்லாவற்றையும். உன்னைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவள் அழவில்லை. காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் சார்" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அளவுகோலப் புட்ச்சிகினு நின்னது யாரு? அவருதான? வூட்டுக்கு வந்து சொன்னாரு. நாலடி பள்ளத்துல கீறோம் சரசு, அந்தக் கால்வாய மூடுனா நம்ம தலையிலதான் வரும், வேதா சார் எழுதிக் குட்த்துட்டாரு, பட்டாபி சார் பாத்துப்பாருன்னாரு. கட்டடம் எழும்புறத பாத்துகினேதான் இருந்தோம்."

"அப்புறம் ஏம்மா யார்கிட்டயும் கேக்கலை?"

"யாரண்ட கேக்கறது? வேல வாங்கிக் குட்த்ததே நீங்கதான். வாணாம்னா ரெண்டு பொண்ண இன்னாத்த போட்டு வளக்கிறது? தெனம் அந்தச் செவுத்தாண்டதான் பெருக்குறேன் சார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க பாரத்த இங்க எறக்கி வெச்சிட்டுப் போலாம்னு வந்தீங்களா? வாணாம் சார். எனக்கு என்னுதே போதும். ஜூன் மாசம் முட்டி வரிக்கும் தண்ணி. ஐப்பசி பொறந்தா இன்னும் வரும். எங்க தெருவுல நாப்பது வூடு கீது. எங்கிட்ட சொன்னத, கேக்க வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க. அப்பால பாக்கலாம்."

டீ கொடுத்தாள். குடித்தேன்.

கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். எண்பத்து மூன்றில் நான் எழுதியது பொய் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் அளவு எதுவும் கையில் இல்லை. கோப்பில் இருப்பது என் வரி மட்டும்தான். கிழவன் புத்தி பேதலித்துவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். நீ வந்தால் நிற்கும். வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. செல்வமேரி இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

பட்டாபி


சிங்கப்பெருமாள் கோவில்,
20 செப்டம்பர் 1996

அன்புள்ள பட்டாபி,

செல்வமேரியை இங்கே வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். தன் ஆர்டருக்காக நான் என்ன செய்தேன் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. கேட்டுவிட்டு, "என்னைக் கேட்டியா அண்ணா? ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். சாப்பிடாமல் அடுத்த வண்டியில் போய்விட்டாள். பிறகு பேசவில்லை. அவள் சம்பளம் வாங்கிய ஒவ்வொரு மாதத்திலும் நான் ஏதோ கலந்துவிட்டதாக அவள் நினைக்கிறாள். தவறில்லை.

மனுவில் என் பெயரையும் சேர். விசாரணையில் பொய் சொன்னேன் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். அளவைப் பற்றிக் கவலைப்படாதே. புத்தகம்தான் எரிந்தது, தரை எங்கேயும் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கருவி எடுத்துக்கொண்டு வருகிறேன். விடுதிக்குள் விட மாட்டார்கள். தெருவிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் எடுத்துவிடலாம்.

சரசுவிடம் என்னைப் பற்றி நானே சொல்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீ போனாய்.

வேதா


சிங்கப்பெருமாள் கோவில்,
15 அக்டோபர் 1996

அன்புள்ள பட்டாபி,

நேற்று கலெக்டர் அனுப்பிய ஆர்.டி.ஓ. பார்வையிட வந்த அதே நேரத்துக்கு உன்னைப் பல்கலைக்கழகத்தில் விளக்கம் கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா, தெரியாது. என்ன நடந்தது என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். சிட்லபாக்கம் வந்து சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான்கு ஜீப்பில் வந்தார்கள். ஆர்.டி.ஓ. இளைஞர்தான். நம் புதிய அளவைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களை விட்டு இரண்டு இடத்தில் எடுக்கச் சொன்னார். ஒத்துப்போனது. பள்ளம் இப்போது நாலு அடி இல்லை, ஐந்தே கால். நடுவில் விடுதிச் சாலையை வேறு உயர்த்தியிருக்கிறார்கள். சுற்றுச்சுவரை இந்த வாரத்துக்குள் மூன்று இடத்தில் உடைத்து, விளையாட்டு மைதானம் வழியாகத் தற்காலிகக் கால்வாய் வெட்டச் சொல்லி அங்கேயே உத்தரவு எழுதினார். விடுதியை என்ன செய்வது என்பது மேலே போகிறது. அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ.

பல்கலைக்கழகத்துச் சார்பில் வந்தவர், பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை யார் எவர் என்று இப்போது எப்படிச் சொல்ல முடியும் என்றார். தெருவே கூடி நின்றது. ஆர்.டி.ஓ. சரசுவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. யார் பொறுப்புன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவளிடம் என் விஷயத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். சொன்ன அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனவள், நேற்றுதான் வாய் திறந்தாள்.

"ரெண்டு பேருந்தான் சார். பட்டாபி சாரும் இவரும். ரெண்டு பேருந்தான். அவுங்களுக்கு மேல இருந்தவுங்களும். ஆனா மேல இருந்தவுங்க யாரும் வர்ல. இவுங்க வந்துகீறாங்க. அத்தயும் எழுதிக்கங்க" என்றாள்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். 'ஐ. சரசு' என்று, ஒவ்வொரு எழுத்தாக.

ஜீப் போன பிறகு விடுதியிலிருந்து ஒரு ஆள் வந்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். நம் பாவத்தைச் சொல்லப் போய், அதற்கும் அவள்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. "நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டேன். "பெரிய பொண்ணு நர்சு வேலைக்குப் போவுது, சோத்துக்குக் கொறவில்ல. நீங்க போய் அந்தச் செவுத்த ஒழுங்கா ஒடைக்கறாங்களான்னு பாருங்க" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இன்று காலை முதல் இடத்தில் சுவரை உடைத்தார்கள். சாயங்காலம் வரை நின்றேன். செல்வமேரி வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தாள். என்னிடம் பேசவில்லை, ஆனால் பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள்.

இனி முக்கியமான விஷயம். நேற்று எழுதிய வாக்குமூலத்தில் 'எங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்கிறோம்' என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டுவிட்டேன். பக்கத்தில் உன் பெயரை எழுதி இடம் விட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நேற்றைய விளக்கக் கூட்டத்தில் உன்னை எப்படி மிரட்டினார்கள், ஓய்வூதியத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாம்பரத்திலிருந்து வரும் செங்கல்பட்டு வண்டி எங்கள் ஊரில் காலை எட்டே முக்காலுக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பேன்.

வேதா